எடுத்த இரத்தத்துக்கு ஒரு பதில் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வு செய்கிற வைத்தியர்களுக்கும், படிப்புக்காக ஊர் ஊராகப் படிவத்தோடு திரிகிற மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற குழுவினருக்கும், வெளியிலிருந்து பணத்தோடு வந்து சேர்கிற நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

ஆய்வு வேண்டாம் என்று எழுதும் மடல் இல்லை இது. இன்னும் நிறைய ஆய்வு வேண்டும் என்று கேட்கிறவன்தான் நான். ஆனால் செய்த ஆய்வின் முடிவு எங்கள் ஊருக்குத் திரும்பி வரவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வலிகாமத்தில் ஒரு கிராமத்து வாசிகசாலையின் நிர்வாக சபையில் இருக்கிறேன். எனக்கும் பிரசர் இருக்கிறது, கிளினிக் கொப்பி இருக்கிறது. ஆய்வு என்று யார் வந்தாலும் எங்கள் ஊரில் முதலில் திறப்பது வாசிகசாலைக் கதவைத்தான். கதிரை, மேசை, காற்றாடி எல்லாம் எங்களுடையவை. கிராம அலுவலர் பெயர்ப் பட்டியல் கொடுப்பார். குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார். மாதர் சங்கத்தார் ஆட்களைக் கூட்டி வருவார்கள். விடியவே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் இருப்பார்கள். உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரசர். சேலைக்கு மேலால் நாடா வைத்து அளக்கும்போது பெண்கள் வெட்கத்தில் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், அந்த அளவுதான் படிவத்தில் ஏறும். அப்புறம் கையில் பட்டி கட்டி, ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சாம்பல் மூடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம். ஒரு பிஸ்கட் பக்கற், ஒரு பால் பக்கற். மத்தியானத்துக்கு முன் வாகனம் போய்விடும்.

அதன் பிறகு யாரும் வருவதில்லை. எல்லாரையும் சொல்லவில்லை, துண்டு எழுதிக் கொடுத்து, கிளினிக்குக்குப் போனார்களா என்று தொலைபேசியில் விசாரித்த மாணவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் விதிவிலக்கு. ஒரு முறை வந்த குழு, "ரிப்போட் வீட்டுக்கு வரும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போனது. வரவில்லை. "தம்பி, அண்டைக்கு எடுத்த இரத்தம் என்ன மாதிரியாம்?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அந்த வரிசையில் இருந்த ஒரு அக்கா, பிறகு காற்புண்ணோடு வைத்தியசாலைக்குப் போன இடத்தில்தான் தனக்குச் சீனி வருத்தம் என்று அறிந்தார். அன்றைக்கு அவருடைய குழாயில் அது தெரிந்ததா என்று நான் சொல்ல முடியாது. தெரிந்திருந்தால், அது யாரோ ஒருவருடைய கணினியில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும். அவருக்கு மட்டும் சொல்லப்படவில்லை.

சரி, இனி ஏன் ஆய்வு வேண்டும் என்று சொல்கிறேன்.

2005, 2006 காலத்தில் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 5000 பேரைத் தெரிவு செய்தார்கள். 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடியவர்கள், வருத்தம் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள். பல வருடங்களாக மேற்கோள் காட்டப்பட்டு வந்த எண்கள் இவை. அந்த ஆய்வு 7 மாகாணங்களில் நடந்தது. விடுபட்டவை இரண்டு: வடக்கும் கிழக்கும். செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. போர்க்காலம், 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையே பூட்டுப்பட்டது. ஆனாலும் நாட்டின் சீனிக் கணக்கில் எங்களுடைய அம்மாக்களும் அப்பாக்களும் இல்லை என்பது உண்மைதான். போர் முடிந்த பின் நடந்த நாடளாவிய கணக்கெடுப்புகள் எங்களையும் சேர்த்துக்கொண்டன. இழந்த காலத்துக்கான தரவை இனி யாரும் தேடி எடுக்க முடியாது.

இடம்பெயர்வு, முகாம் சாப்பாடு, நிவாரண மா, பொருளாதாரத் தடைக் காலத்தில் இல்லாமல் போன எண்ணெயும் சீனியும், பிறகு ஒரேயடியாக வந்து குவிந்த சோடாவும் பேக்கரிச் சாமானும். இப்படி ஒரு நாற்பது வருடத்தைக் கடந்த உடம்பு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தேட வேண்டும். வேறு ஊர் ஆட்களின் இரத்தம் அதற்கு உதவாது.

நோய் வரும் ஆபத்தைக் கணக்கிடுகிற முறையே ஒரு ஊரிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்ற சிறு நகரம். 1948இல் அங்கே 5209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். உயர் இரத்த அழுத்தமும் கொலஸ்ரோலும் புகைத்தலும் மாரடைப்புக்கு இட்டுச் செல்கின்றன என்று இன்றைக்கு நாங்கள் சாதாரணமாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஊர்ச் சனத்தின் உடம்பிலிருந்து கற்றது. 1971இல் அவர்களின் பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002இல் பேரப்பிள்ளைகள். மூன்று தலைமுறை. பரிசோதனையில் கண்டதை அவரவர் குடும்ப வைத்தியருக்கு அனுப்பி வைத்தார்கள். ஊர் நம்பியது, அதனால் நின்றது. இங்கே ஒரு தலைமுறையை இரண்டாம் முறை வரவழைப்பதற்கே நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

(பிரேமிங்காமுக்குப் பக்கத்தில்தான் வூஸ்டர் இருக்கிறது, 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து எங்கள் பையன்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்து இறந்த ஊர். ஆய்வு முடிவைத் தமிழில் விளங்கப்படுத்துவது கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வரும். அதற்கு மேல் வாதாடுவதில்லை.)

இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள். அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2019இல் புதுப்பித்த நிற அட்டவணை இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, பிரசர், சீனி, கொலஸ்ரோல் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடுஞ்சிவப்பு என்று ஏதாவது ஒரு கட்டத்தில் விழுவோம். உலகத்தை 21 பிரதேசமாகப் பிரித்த அந்த அட்டவணையில் இலங்கை தென்கிழக்காசியாவோடு போகிறது. பிலிப்பைன்சும் வியட்நாமும் எங்கள் பிரதேசத்தில். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேதாரணியம் வேறு பிரதேசத்தில். இலண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களோ அங்கே வைத்தியர்கள் பாவிக்கும் கணிப்பானில் இந்தியரும் இல்லை, பாகிஸ்தானியரும் இல்லை, "ஏனைய ஆசியர்". நோர்வேயில் இருக்கிறவர்களையாவது ஊரோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால், 2010இல் வெளியான அந்த ஆய்வு ஒஸ்லோவில் வாழும் இலங்கையரைக் கண்டியில் வாழ்வோரோடு ஒப்பிட்டது. ஒஸ்லோவில் இருக்கும் இலங்கையர் பெரும்பாலும் தமிழர். கண்டியில் ஒப்பிட ஆள் கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எவ்வளவு வேலை கிடக்கிறது என்று காட்டுகிறேன். ஏனென்றால் வருத்தம் காத்திருப்பதில்லை. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில் இலங்கையும் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்தி வருகிறது. பிறவிக் குணம் என்று கையை விரிக்கவும் முடியாது. புகைத்தல், சீனி, பிரசர், இடுப்புச் சதை, மரக்கறி பழம் போதாமை, நடையில்லாமை போன்றவை எங்களிடம் இள வயதிலேயே கூடி நிற்பதுதான் பெரும் காரணம் என்று அதே தரவிலிருந்து பிறகு காட்டினார்கள். அதாவது தடுக்கலாம்.

தடுக்கலாம் என்பதற்கு எங்களுக்குக் கிட்டவே சாட்சி இருக்கிறது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு. சீனி எல்லையில் நின்ற 531 பேர். ஒன்றும் விசேடமாகச் செய்யாத பிரிவில் மூன்று வருடத்துக்குள் 100க்கு 55 பேர் நீரிழிவுக்குப் போனார்கள். நடக்கவும் சாப்பாட்டை மாற்றவும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பிரிவில் 39 பேர். 100 பேரில் 16 பேர் தப்பினார்கள், அதுவும் பெரிய செலவில்லாமல். இந்த எண்ணை எங்கள் வாசிகசாலையில் இருந்து சொன்னால் சனம் கேட்கும். "ஆபத்து 28 சதவீதம் குறைகிறது" என்றால் கேட்காது. ஆருடைய ஆபத்து, எதில் 28 என்று ஒருவருக்கும் பிடிபடாது. உங்கள் பத்து வருட ஆபத்து 10 சதவீதம் என்று ஒரு ஐயாவுக்குச் சொன்னபோது, "அப்ப தொண்ணூறு வீதம் ஒண்டும் இல்லை" என்று சந்தோசமாக எழும்பிப் போனார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அவரைப் போல 100 பேரை நிறுத்தினால் 10 பேர் விழுவார்கள், குளிசை போட்டுப் புகையை விட்டால் அதில் சிலரைக் காப்பாற்றலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சாப்பாடு பற்றிய கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. "வாரத்தில் எத்தனை நாள் பழம் உண்பீர்கள்" என்று படிவத்தில் இருக்கிறது. நல்லது. ஆனால் இங்கே மனிதரைக் கவலைப்படுத்துகிற கேள்வி வேறு. இரவில் புட்டுச் சாப்பிட்டால் ஏறுமா, இடியப்பம் என்றால் எத்தனை, குரக்கன் மாவில் அவித்தால் அளவில்லாமல் சாப்பிடலாமா, சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடிக்கலாமா? பனங்கட்டியிலும் இருப்பது பெரும்பாலும் அதே சீனிதான் என்று நான் சொன்னால், வாசிகசாலைக்காரனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். நீங்கள் ஒரு ஐம்பது பேரை இருத்தி, சாப்பிட முன்னும் பின்னும் குத்திப் பார்த்து, எங்கள் ஊர்ப் புட்டுக்கு எங்கள் ஊர் எண்ணைச் சொல்லுங்கள். எங்கள் மாதர் சங்கம் அவித்துத் தரும்.

பராமரிப்புப் பக்கம் வருவோம். எனக்கு மிகவும் சொல்ல இருப்பது இங்கேதான்.

கிளினிக் நாளில் என்ன நடக்கிறது என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? "இரத்தம் எடுக்க வேணும், ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ" என்று சொல்லி விடுவார்கள். எங்கள் ஆட்கள் சொன்னதைவிடக் கூடவே கடைப்பிடிப்பவர்கள். சாப்பாட்டோடு நிற்கமாட்டார்கள். தண்ணீரையும் விடுவார்கள், காலையில் போட வேண்டிய பிரசர்க் குளிசையையும் விடுவார்கள். வெறும் வயிற்றில் குளிசை போடக் கூடாது என்ற எண்ணம். பஸ் பிடித்து வந்து, இலக்கம் எடுத்து, கதிரை கிடைக்காமல் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப் போய் இருந்து கையை நீட்டுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பதித்து, இரண்டு தடவை அளக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அந்தச் சனநெரிசலில் நேர்சம்மாவால் எப்படி முடியும்? பிரசர் 170 என்று கொப்பியில் ஏறுகிறது. டொக்டர் கொப்பியைப் பார்க்கிறார், குளிசையைக் கூட்டுகிறார். வீட்டுக்குப் போய்க் கூட்டிய குளிசையை ஒழுங்காகப் போடுகிற அம்மா நாலாம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி விழுகிறார். அதன் பிறகு குளிசையை விட்டுவிடுகிறார். அடுத்த கிளினிக்கில் பிரசர் இன்னும் கூட. "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று உங்கள் ஆய்வில் அவரும் ஒரு எண்.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படிப் பலரைக் காட்டுவேன். வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில் பிரசர்க் குளிசையைத் தண்ணீரோடு போடலாமா என்று கொப்பியில் ஒரு வரி எழுதி விட்டால், எழுதாத கிளினிக்கோடு ஒப்பிடும்போது வித்தியாசம் வருகிறதா? இதை ஒரு மாணவர் ஆறு மாதத்தில் செய்து முடிக்கலாம். பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை.

நெடுந்தீவுக்காரருக்கு இது இன்னும் கொடுமை. விடியப் படகேறி, கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், குறிகட்டுவானில் இறங்கிப் பஸ். முதல்நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து வெறும் வயிறு. சீனிக் குளிசை போடுகிற ஒருவர் இப்படி வருவது ஆபத்து. சாப்பிட்டுவிட்டே கொடுக்கக்கூடிய, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை இருக்கிறது. செலவு கூட என்பார்கள். படகும் பஸ்ஸும் ஒரு நாள் கூலியும் சேர்த்து, நோயாளியின் செலவையும் வைத்துக் கணக்குப் பார்த்த பிறகு அதைச் சொல்லட்டும்.

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனியால் காலில் உணர்வு செத்தவர்கள் வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு தண்ணீர் மாறுகிறார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். மத்தியான வெயிலில் வீதி மணலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள், சூடு தெரியாது. பக்தியில் தெரியவில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் பொக்களித்திருக்கும். செருப்புப் போடச் சொல்லி எந்த ஆய்வும் அவர்களைக் கோயிலுக்குள் அனுப்பப் போவதில்லை. ஆனால் கொடியேற்றத்துக்கு முந்திய மாதமே கிளினிக்கில் ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, உணர்வில்லாதவர்களுக்கு "நீங்கள் விடியக் காலமைப் பூசைக்குப் போங்கோ, மத்தியானம் வேண்டாம்" என்று சொன்னால் எத்தனை கால் தப்பும்? இதுவும் ஆய்வுதான். இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் இருப்பவர்தான் கேட்க முடியும்.

இலங்கையில் நல்ல ஆய்வு நடந்து பலன் தந்ததற்கு முன்மாதிரியும் உண்டு. 2018இல் வெளியான ஒன்று: 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேர். மூன்று பிரசர் மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 சதவீதமானோருக்குப் பிரசர் இலக்குக்கு வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவு. 2020இல் இன்னொன்று: பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறப் பிரிவுகளில், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பிரசர் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் மேல் எண் மற்ற ஊர்களைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. சின்ன எண் மாதிரித் தெரியும். ஒரு மாவட்டம் முழுக்க 5 புள்ளி இறங்கினால் பாரிசவாத விடுதியில் கட்டில் குறையும். இவ்வளவு நல்ல செய்தியை எங்கள் வாசிகசாலைக்கு ஒருவரும் கொண்டுவரவில்லை. நானே தேடிப் பிடித்து, தமிழில் எழுதி, பலகையில் ஒட்டினேன். ஒரு கிழமையாக நின்று வாசித்தார்கள்.

மனநலம் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே குத்துகிற ஊசி வேறு. 2009 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் யாழ். மாவட்டத்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பு 2011இல் வெளியானது. பதகளிப்பு 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2, போர் வடு சார்ந்த மன நெருக்கீடு 7. தேவையான ஆய்வு. அதன் பிறகும் படிவங்கள் வந்துகொண்டேயிருந்தன. யார் காணாமல் போனார், எங்கே, எந்த நாள், கண்ணால் கண்டீர்களா என்று ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் விறாந்தையில், மாமியும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்க. கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவருக்கு அன்றைய வேலை முடிந்தது. சொன்ன மனுசிக்கு இரவு நித்திரை இல்லை. முன்னம் வேறு யாராவது இதைக் கேட்டார்களா என்று விசாரிப்பதையும், கேட்ட பின் யார் துணைக்கு நிற்பார் என்பதையும் அனுமதி கொடுக்கும் குழுக்கள் கட்டாயமாக்க வேண்டும். ஏற்கனவே எடுத்த தரவில் விடை இருந்தால் அதைப் பாருங்கள், எங்களை விடுங்கள்.

விறாந்தைக் கேள்விகளால் தரவும் கெடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகப்பன் பக்கத்தில் இருக்க, "மது அருந்துவீர்களா" என்றால் எந்த இளந்தாரி ஆம் என்பான்? எங்கள் ஊர்ப் படிவங்களின்படி கள்ளுத் தவறணையில் ஒருவரும் இருக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை. ஹெல்சிங்கியில் 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்று, பல தடவை திருத்திய மருத்துவ ஆய்வு நெறிப் பிரகடனம் உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆய்வில் பங்குபற்றியவர்களுக்கு அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பமிட்ட காகிதத்தில் இருப்பதைக் கேட்கிறேன். ஆய்வுத் திட்டம் எழுதும்போதே, முடிவோடு ஊருக்குத் திரும்பி வரும் மாதத்தையும் அதற்கான செலவையும் எழுதுங்கள். பஸ் காசும் புகைப்படப் பிரதிக் காசும் எந்தத் திட்டத்துக்கும் பாரம் இல்லை. அதை எழுதாத திட்டத்துக்கு அனுமதிக் குழு ஒப்பமிடாமல் இருக்கட்டும்.

தனி ஆளின் முடிவு வேறு, ஊரின் முடிவு வேறு. வெறும் வயிற்றுச் சீனி 126க்கு மேல், பிரசர் எல்லைக்கு மேல் என்று கண்டால் அந்த ஆளுக்கு அந்தக் கிழமைக்குள் தெரிய வேண்டும், எந்தக் கிளினிக்குக்கு எந்த நாள் போக வேண்டும் என்ற துண்டோடு. சும்மா "வைத்தியரைக் காணவும்" என்று எழுதினால் போக மாட்டார்கள். அதை ஒட்டிய கடித உறையில் அவரவர் கையில் கொடுங்கள். தயவுசெய்து வாசிகசாலையில் மொத்தமாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியும். பின்னேரத்துக்குள் ஆருக்கு என்ன வருத்தம் என்று சந்திக்கடை வரை போய்விடும், ஒரு பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சே அதில் குழம்பும். என்னிடமும் கொடுக்காதீர்கள்.

ஊரின் முடிவை மட்டும் ஒளிக்காதீர்கள். ஒற்றைத் தாள் போதும். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேருக்கு என்ன, மற்ற இடங்களோடு பார்த்தால் கூடவா குறைவா, இனி என்ன செய்யலாம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பலன் இல்லை என்று தெரிந்த மருந்தும் ஒரு முடிவுதான். மிச்ச இரத்தத்தை என்ன செய்தீர்கள், வைத்திருக்கிறீர்களா, வெளிநாடு அனுப்பினீர்களா என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. சனம் கேட்கிற கேள்வி அது.

முன்னம் வந்து எடுத்துக்கொண்டு போனவர்களும் இதை வாசிப்பீர்கள். பிந்திவிட்டது என்று வெட்கப்பட வேண்டாம், இப்போதும் வரலாம். காலையில் வந்தால் ஆட்கள் தோட்டத்தில் நிற்பார்கள். வெள்ளி பின்னேரம் கோயில். மற்ற நாளில் நாலு மணிக்குப் பிறகு வாசிகசாலை திறந்திருக்கும். கதிரையும் காற்றாடியும் வழக்கம் போல நாங்கள் தருகிறோம். இந்தத் தடவை பிஸ்கட்டும் எங்களுடையது. வருவதற்கு இரண்டு நாள் முன் கிராம அலுவலரிடம் சொல்லிவிடுங்கள், ஆட்களைக் கூப்பிட அவ்வளவு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
வலிகாமத்து வாசிகசாலை ஒன்றின் நிர்வாக சபை உறுப்பினர்